கத்தி படுவதற்கு முன் எழுதவேண்டிய கடிதம்

கட்டியோடு வரும் இளைஞரை முதலில் பார்க்கும் பொது மருத்துவர்கள், எலும்பு மருத்துவர்கள், பொது அறுவை மருத்துவர்கள் ஆகியோருக்கும், அவர்கள் பணியாற்றும் மருத்துவமனைகளின் நிர்வாகத்தினருக்கும்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். என்னுடைய 24-ஆம் வயதில், வலது தொடையில் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்த ஒரு கட்டி, தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களிலும் எலும்பிலும் தோன்றும் சார்கோமா என்ற புற்றுநோய்க் குடும்பத்தைச் சேர்ந்த சைனோவியல் சார்கோமா என்று கண்டறியப்பட்டது. இப்போது எனக்கு வயது 31. உயிரோடு இருக்கிறேன், நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். இவற்றுக்காக நான் நன்றி சொல்லவேண்டிய மருத்துவர்கள் பலர். ஆனாலும் இந்த மடலை அவர்களுக்கு எழுதவில்லை. அவர்களிடம் நான் போய்ச் சேர்வதற்கு முன்பு என்னைப் பார்த்தவர்களுக்கும், நாளை என்னைப் போன்ற ஒருவரைப் பார்க்கப்போகிறவர்களுக்கும் எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: என்னவென்று உறுதியாகத் தெரியாத ஒரு கட்டியில் கத்தி வைப்பதற்கு முன், அதை அறிந்தவருக்கு ஒரு கடிதம் எழுதி எங்களை அனுப்பிவையுங்கள். அந்தக் கடிதம் ஏன் அறுவைக்குப் பின் அல்லாமல் முன்னால் எழுதப்படவேண்டும் என்பதைச் சொல்லவே இவ்வளவு நீளமாக எழுதவேண்டியிருக்கிறது.

கட்டியை நான் முதலில் உணர்ந்தது 22 வயதில். கோலிக்குண்டு அளவில், அழுத்தினால் வலிக்காமல், தசைக்குள்ளே எங்கோ ஆழத்தில் இருந்தது. முதலில் பார்த்த மருத்துவர் விளையாட்டில் பட்ட அடியாக இருக்கலாம் என்றார். ஓராண்டு கழித்துப் பார்த்தவர், மூட்டுக்கு அருகில் இருப்பதால் நீர்க்கட்டியாக இருக்கும் என்றார். இருவருமே என் வயதைக் கேட்ட பிறகு முகம் தளர்ந்து புன்னகைத்தார்கள். அந்தப் புன்னகையில் அன்பு இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வயதுதான் என் வழக்கில் ஐயத்தைத் தூண்டியிருக்கவேண்டிய குறிப்பு. சைனோவியல் சார்கோமா பெரும்பாலும் பதின்ம வயதினரையும் இளைஞர்களையும் தாக்குவது. கை கால்களில், மூட்டுகளுக்கு அருகில் வருவது. ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்ந்து, தீங்கில்லாத கட்டியைப் போலவே நடந்துகொள்வது. மெதுவாக வளர்கிறது என்பதால் புற்றுநோயாக இருக்காது என்ற எண்ணம் இந்த ஒரு நோயிடம் செல்லுபடியாகாது.

மூன்றாவதாகப் பார்த்தவர் அறுவை மருத்துவர். அதற்குள் கட்டி 6 செ.மீ. ஆகியிருந்தது, இரவில் வலிக்கத் தொடங்கியிருந்தது. கொழுப்புக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. ஊசியால் திசுப் பரிசோதனையும் செய்யவில்லை. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கட்டியை எடுத்துவிட்டு, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் பிரித்து ஒரு வாரம் கழிந்த பிறகு, ஆய்வுக்கூடத்தின் முகப்பில் ஒரு உறையைக் கொடுத்தார்கள். உள்ளே இருந்த தாளில், நூற்புக் கதிர் போல நீண்டு முனை கூர்ந்த செல்களால் ஆன கட்டி என்றும், மேற்கொண்டு சோதனைகள் தேவை என்றும், கட்டியின் ஓரங்கள் வரை செல்கள் உள்ளன என்றும் எழுதியிருந்தது. அதை எனக்கு விளக்கிச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அந்த அறிக்கையை என் மருத்துவரும் அதுவரை பார்த்திருக்கவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்துபோனது என்பதைப் பின்னாளில் சார்கோமா அறுவை மருத்துவர் ஒருவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டியபோதுதான் புரிந்துகொண்டேன். உங்களில் பலர் இதை அறிவீர்கள். ஆனால் அறிந்திருந்தும் அன்றாட வேலையின் வேகத்தில் மறந்துபோகக்கூடியது இது என்பதால், ஒரு நோயாளியின் வாயால் மறுபடியும் சொல்லப்படுவதில் பயன் உண்டு என்று நம்புகிறேன்.

கொழுப்புக் கட்டியை அதன் உறையோடு நோண்டி எடுத்துவிடலாம். சார்கோமாவுக்கு அப்படி ஓர் உறை கிடையாது. உறை போலத் தெரிவது, வளரும் கட்டி சுற்றியுள்ள திசுவை நெருக்கி உண்டாக்கிய ஒரு பொய்ச்சுவர்தான். அந்தச் சுவருக்குள்ளும் வெளியிலும் புற்றுச் செல்கள் இருக்கும். அந்தச் சுவரை ஒட்டிக் கட்டியைப் பிரித்து எடுக்கும்போது, செல்கள் காயத்துக்குள் சிதறுகின்றன. காயத்தில் கசியும் இரத்தம் எங்கெல்லாம் பரவுகிறதோ அங்கெல்லாம் அவையும் போகின்றன. எனக்குப் போட்ட கீறல், காலின் நீளவாக்கில் அல்லாமல் குறுக்கே போடப்பட்டிருந்தது. வடிகுழாயை அந்தக் கீறலின் வழியில் வைக்காமல், நான்கு விரல் தள்ளி வேறொரு துளையில் வெளியே எடுத்திருந்தார்கள். ஆகவே இரண்டாவது அறுவையில், கட்டி இருந்த இடத்தை மட்டுமல்லாமல், அந்தக் குறுக்குத் தழும்பையும் வடிகுழாய் சென்ற பாதையையும் அவற்றுக்கு இடையில் இருந்த தோலையும் தசையையும் ஒரே துண்டாக எடுக்கவேண்டி வந்தது. நீளவாக்கில் ஒரு கீறலோடு முடிந்திருக்கவேண்டியது, இன்னொரு இடத்திலிருந்து தோலும் தசையும் கொண்டுவந்து மூடவேண்டிய பெரிய பள்ளமாகிவிட்டது. கதிர்வீச்சு கொடுத்த பரப்பும் அதே அளவுக்கு அகன்றது. இன்று படியேறும்போது என் வலது முழங்கால் தயங்குவதற்குக் காரணம் நோயைவிட அந்தக் குறுக்குக் கீறல்தான். இதை யார்மீதும் கோபத்தால் சொல்லவில்லை. முன்யோசனை ஒன்று இருந்திருந்தால் தவிர்க்கக்கூடியதாக இருந்தது என்பதால் சொல்கிறேன்.

இப்படி முன்திட்டமில்லாமல் எடுக்கப்பட்ட சார்கோமாக்களில் மறு அறுவை செய்து பார்க்கும்போது, ஏறத்தாழ கால்வாசி முதல் முக்கால்வாசிப் பேருக்குக் காயத்தில் கட்டி மீந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கும் மீந்திருந்தது. முழுவதும் எடுத்தாகிவிட்டது என்று முதல் அறுவையின் குறிப்பில் எழுதியிருந்தது; கண்ணுக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

திசுப் பரிசோதனையும்கூட எளிய வேலை அல்ல என்பது 40 ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஹென்றி மேன்கினும் அவருடைய சகாக்களும் 1982-இல் 329 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1996-இல் 597 நோயாளிகளை வைத்து மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்கள். எலும்பிலும் மென்திசுவிலும் உள்ள கட்டிகளுக்கான திசுப் பரிசோதனை, இறுதியில் சிகிச்சை தரப்போகும் மையத்தில் செய்யப்படாமல், அங்கே அனுப்பிவைக்கும் மருத்துவமனையிலேயே செய்யப்பட்டபோது, பிழைகளும் சிக்கல்களும் சிகிச்சையின் போக்கே மாறிப்போகும் நிலைகளும் 2 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தன என்பதே இரண்டாவது ஆய்வில் அவர்கள் கண்டது. முதல் ஆய்வுக்கும் இரண்டாவது ஆய்வுக்கும் இடையில் 14 ஆண்டுகள் ஓடியிருந்தும் நிலைமை பெரிதாகத் திருந்தவில்லை என்பதை அவர்களே வருத்தத்தோடு பதிவுசெய்தார்கள். ஊசி எந்த இடத்தில் இறங்கவேண்டும் என்பதை, பின்னால் கத்தியைப் பிடிக்கப்போகிறவர் தீர்மானிக்கவேண்டும். ஏனென்றால் அந்த ஊசி போன வழியையும் அவர் சேர்த்து எடுக்கவேண்டியிருக்கும். இவ்வளவு எளிய காரணம் இது.

அடுத்தது, நோயின் பெயர். சார்கோமாக்களில் 70-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவை எல்லாம் சேர்ந்தே பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 100-க்கு 1 என்ற அளவில்தான் வருகின்றன. திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் ஒரு பொதுவான நோய்க்கூறியல் ஆய்வுக்கூடத்துக்கு ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ வரலாம். அவையும் வேறு வேறு வகைகளாக இருக்கலாம். ஐரோப்பாவில் மூன்று பகுதிகளில் கண்டறியப்பட்ட சார்கோமாக்களை நிபுணர்கள் மறுபடியும் பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் சொன்ன முடிவு 100-இல் 40-க்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு வகையில் மாற்றி எழுதப்பட்டது. சிலருக்கு நோயின் வீரியத்தைக் குறிக்கும் தரநிலை மாறியது. சிலருக்கு வகை மாறியது. சிலருக்குப் புற்றுநோயே இல்லை என்று ஆனது. முதலில் பார்த்தவர்கள் திறமையற்றவர்கள் என்பது இதன் பொருள் ஆகாது. அரிதானதை அடிக்கடி பார்ப்பவர் கண்ணுக்கே அது பிடிபடும் என்பதே பொருள்.

என் திசுவைப் பார்த்த முதல் ஆய்வுக்கூடம் நரம்புறையில் தோன்றிய கட்டி என்று சாய்ந்தது. இரண்டாவது ஆய்வுக்கூடத்தில் மரபணுச் சோதனை செய்தார்கள். சைனோவியல் சார்கோமாவில் எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டும் 18-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், இயல்பில் இல்லாத ஓர் இணைவு மரபணு உருவாகிறது. அது 1994-இலேயே கண்டறியப்பட்டது. அந்த இணைவு என் திசுவில் இருந்தது. அத்தோடு பெயர் உறுதியானது. இந்த நோய்க்கு மூட்டுகளின் உள்ளுறையான சைனோவியம் என்ற திசுவோடு உண்மையில் தொடர்பில்லை என்றும், நுண்ணோக்கியில் அதைப் போலத் தோன்றியதால் பழைய காலத்தில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது என்றும் அந்த நோய்க்கூறியல் மருத்துவர் என்னிடம் பொறுமையாகச் சொன்னார். பயந்திருந்த அந்த நாளில், என்னை உட்காரவைத்து நோயைப் பற்றிப் பேசிய முதல் மருத்துவர் அவர்தான். நோயாளிகளை நேரில் பார்க்கவேண்டிய கடமைகூட அவருக்கு இல்லை.

ஆனால் அந்தப் பெயர் கிடைப்பதற்கு, என் திசுவை மெழுகில் பதித்து வைத்திருந்த பாரஃபின் பிளாக்குகளை முதல் ஆய்வுக்கூடத்திலிருந்து வாங்குவதற்கே 12 நாள் ஆனது. மருத்துவரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் கொண்டுபோனால் முத்திரை இல்லை என்றார்கள். முத்திரையோடு போனால் பொறுப்பானவர் விடுப்பில் இருந்தார். என் உடம்பிலிருந்து எடுத்த திசுவை, என் உயிருக்காகக் கேட்டு, ஒரு முகப்பில் நான் மன்றாடிக்கொண்டிருந்தேன். காலில் அப்போது கட்டுக்கூடப் பிரிக்கவில்லை.

பெயர் தெரிந்த பிறகும் போகும் இடம் தெரியவில்லை. இதைத்தான் இளம் வயதினரின் தனித்துயரம் என்று நான் கருதுகிறேன். சார்கோமாவை நன்கு அறிந்திருந்த குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பெரியவர்கள் பிரிவில் என்னை அன்போடு ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அங்கே இருந்த மருத்துவர், இந்த வகையைத் தாம் இதுவரை ஒருமுறைகூடச் சிகிச்சை செய்ததில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய நேர்மையை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அந்த நேர்மைக்கு அடுத்த படியாக, இதை அறிந்தவர் இன்னார், நான் அவரிடம் பேசுகிறேன் என்ற வாக்கியம் வரவில்லை. நீங்களே விசாரித்துப் பாருங்கள் என்றுதான் வந்தது. விசாரித்தேன். ஒவ்வொரு மருத்துவமனையாகத் தொலைபேசியில் அழைத்து, கடந்த ஓராண்டில் உங்களிடம் எத்தனை சார்கோமா நோயாளிகளுக்கு அறுவை நடந்தது என்று கேட்டேன். சிலர் கோபப்பட்டார்கள். சிலர் இணைப்பைத் துண்டித்தார்கள். ஓரிடத்தில் மட்டும் அந்தக் கேள்விக்குத் தயங்காமல் ஓர் எண்ணைச் சொன்னார்கள். அங்கேதான் பிறகு எனக்குச் சிகிச்சை நடந்தது. அங்கே சேர்வதற்கும் ஒரு மருத்துவரின் கடிதம் தேவைப்பட்டது. என் காலை ஸ்கேன் செய்த கதிரியக்க மருத்துவர், தம் வேலைக்கு அப்பாற்பட்டது என்று ஒதுக்காமல், அதை எழுதித் தந்தார். இரண்டு பக்கக் கடிதம். அதில் எல்லாம் இருந்தது.

முதல் அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து அந்த மையத்தின் வாசலை மிதித்த நாள் வரை 6 வாரங்கள். அங்கே அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், கதிரியக்க மருத்துவர், நோய்க்கூறியல் மருத்துவர் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து என் படங்களையும் ஸ்லைடுகளையும் பார்த்தார்கள். அந்த மேசையின் மதிப்பை உணர்த்த என் அனுபவம் ஒன்று மட்டும் போதாது. பிரான்சில் சார்கோமாவுக்கென்று அமைந்த மையங்களின் வலையமைப்பில் 12,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டபோது, சிகிச்சை தொடங்கும் முன்பே நிபுணர் குழுவின் முன் வைக்கப்பட்டவர்களுக்கு நோய் அதே இடத்தில் திரும்புவது குறைவாக இருந்தது தெரிந்தது. தொடங்கும் முன்பே என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டுகிறேன். என்னைப் போல் அறுத்த பிறகு போய் நிற்பது இரண்டாம் பட்சமானது.

காலையே எடுக்கவேண்டி வரலாம் என்று இடையில் ஒருவர் சொல்லியிருந்ததால், அந்த மேசையிலிருந்து அப்படியொரு முடிவு வரும் என்றே நினைத்திருந்தேன். வரவில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 43 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1982-இல் வெளியான சோதனை, கை கால்களில் உள்ள சார்கோமாவுக்கு உறுப்பையே நீக்குவதற்கும், உறுப்பைக் காத்து அறுவையும் கதிர்வீச்சும் கொடுப்பதற்கும் உயிர்பிழைப்பதில் வேறுபாடு தென்படவில்லை என்று காட்டியது. நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன சோதனை அது. அந்தச் செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள், கால் இல்லாத வாழ்க்கையைப் பல இரவுகள் கற்பனையில் வாழ்ந்து முடித்திருந்தேன்.

அந்த 6 வாரங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். இதைப் பொதுவெளியில் எழுத எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் நான் எழுதாவிட்டால் அடுத்தவளுக்கும் யாரும் சொல்லமாட்டார்கள். எனக்குக் கொடுக்கவேண்டியிருந்த கீமோ மருந்துகளில் ஒன்றான ஐஃபாஸ்ஃபமைடு, கருமுட்டைகளைப் பாதிக்கக்கூடியது. சிகிச்சைக்கு முன் கருமுட்டையை எடுத்து உறையவைத்துச் சேமிக்க வழி உண்டு. அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் போதும். ஆண்களுக்கு விந்தணுவைச் சேமிக்க அதைவிடக் குறைந்த நேரமே ஆகும். பிள்ளை பெறும் வயதில் உள்ள ஒவ்வொரு புற்றுநோயாளியிடமும் சிகிச்சைக்கு முன்னதாகவே இதைப் பற்றிப் பேசவேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2006-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. என்னிடம் இதை முதன்முதலாகக் கேட்டவர் ஒரு செவிலியர். கீமோ தொடங்குவதற்கு முந்தைய மாலையில், படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார். அதற்குள் கட்டியின் மீந்த பகுதி மறுபடியும் வளரத் தொடங்கியிருந்தது, இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போட மருத்துவர்கள் அஞ்சினார்கள், நானும் அஞ்சினேன். முத்திரைக்கும் கடிதத்துக்கும் அலைந்த நாட்களுக்குள் அந்த இரண்டு வாரம் மூன்று முறை வந்து போயிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் எந்தத் தழும்பைவிடவும் அதிகமாக நான் தொட்டுப் பார்த்தது அந்தக் கணக்கைத்தான்.

மற்றொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் நோயின் பெயரை முதலில் கேட்டவள் நான் அல்ல. என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு என் தந்தையை அழைத்துச் சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். 24 வயதில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட உரிமை உள்ளவளுக்கு, எதற்காகப் போடுகிறோம் என்று கேட்கும் உரிமையும் உண்டு. முதலில் எங்களிடம் சொல்லுங்கள். உடன் யார் இருக்கவேண்டும் என்பதை எங்களிடமே கேளுங்கள்.

உங்கள் தரப்பில் உள்ள நியாயத்தை அறியாதவளாக இதை எழுதவில்லை. மென்திசுக் கட்டிகளில் தீங்கற்றவை, தீயவற்றைக் காட்டிலும் குறைந்தது 100 மடங்கு அதிகம். ஒரு பொது மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு சார்கோமாவைச் சந்திக்கலாம். சந்திக்காமலே ஓய்வு பெறலாம். வருகிற ஒவ்வொரு கட்டியையும் நிபுணரிடம் அனுப்பினால் அந்த மையங்கள் தாங்காது. அஞ்சவேண்டாத ஆயிரம் பேரை அஞ்சவைத்ததாகவும் ஆகும். ஆகவே, பார்த்தவுடன் சார்கோமாவை அடையாளம் காணுங்கள் என்று நான் கேட்கவில்லை. யாராலும் விரலால் தொட்டு அதைச் சொல்லிவிட முடியாது. எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள் என்று கேட்கிறேன். அந்த அடையாளங்கள் பல நாட்டு வழிகாட்டுதல்களில் ஏற்கெனவே உள்ளவைதான்: கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருப்பது, அளவில் பெருகிக்கொண்டே வருவது, தசையுறைக்குக் கீழே ஆழத்தில் இருப்பது, வலிப்பது, முன்பு ஒருமுறை எடுத்த இடத்திலேயே மறுபடியும் வருவது. எனக்கு இவற்றில் நான்கு இருந்தன. அளவுநாடாவும் இரண்டு கேள்விகளும் போதுமாயிருந்திருக்கும்.

இவற்றில் ஒன்று இருந்தாலும், முதலில் ஸ்கேன் எடுங்கள். ஐயம் தீரவில்லை என்றால் ஊசியைக்கூட இறக்காமல், சார்கோமாவுக்குச் சிகிச்சை தரும் மையத்துக்குக் கடிதம் எழுதுங்கள். கட்டி எப்போது கவனிக்கப்பட்டது, எவ்வளவு வளர்ந்தது, எந்தெந்தச் சோதனை நடந்தது என்பதோடு, உங்களை நேரடியாக அழைக்கக்கூடிய எண்ணையும் அதில் எழுதுங்கள். படங்களை அறிக்கையாக மட்டும் அல்லாமல் முழுமையாகக் கொடுத்தனுப்புங்கள். அறியாமல் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால், அதை மறைக்கவோ அதற்காக வெட்கப்படவோ வேண்டியதில்லை; எங்கே கீறினீர்கள், எந்த அடுக்கு வரை போனீர்கள், கட்டி உடைந்ததா, வடிகுழாய் எங்கே இருந்தது என்பதை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுங்கள். அடுத்த அறுவை மருத்துவருக்கு அந்தக் குறிப்பு வரைபடம் போன்றது. என் முதல் அறுவையின் குறிப்பு நான்கு வரிதான். வடிகுழாய் எங்கே இருந்தது என்பதைத் தழும்பைப் பார்த்துத்தான் ஊகித்தார்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் கேட்பது வேறு வகையானது. எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும், எடுக்கப்பட்ட எந்தக் கட்டியும் ஆய்வுக்கூடம் போகாமல் குப்பைக்குப் போகக்கூடாது. வந்த அறிக்கையை ஒரு மருத்துவர் படித்தார் என்று பதிவாகும் வரை அது முகப்பில் உறையாகக் காத்திருக்கக்கூடாது. நோயாளி வேறு இடத்தில் கருத்துக் கேட்க ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டால், அதை ஒரு மருத்துவமனை இன்னொரு மருத்துவமனைக்கு நேரடியாக அனுப்பும் ஏற்பாடு வேண்டும்; காலில் கட்டோடு நோயாளியே தூதராக ஓடவேண்டிய நிலை கூடாது. வயதைப் பொறுத்தவரை, 15 முதல் 39 வரையிலான வயதினரைத் தனிக் கவனம் தேவைப்படும் புற்றுநோயாளிகளாக உலகெங்கும் பல அமைப்புகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. பதின்ம வயதுப் புற்றுநோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவு ஒன்று லண்டனில் 1990-இலேயே திறக்கப்பட்டது. ஈவிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்க்காக ஐரோப்பாவில் நடந்த பெரிய சிகிச்சைச் சோதனை ஒன்றில் 2 வயதுக் குழந்தை முதல் 49 வயதினர் வரை ஒரே திட்டத்தின் கீழ்ச் சேர்க்கப்பட்டார்கள். நோய்க்கு ஏற்ற மருத்துவரை நோயாளிக்குத் தருவதா, வயதுக்கு ஏற்ற வார்டை நோயாளிக்குத் தருவதா என்ற கேள்வி எழுந்தால், முதலாவதற்கு வழிவிடும் விதி ஒன்று உங்கள் மருத்துவமனையில் எழுத்தில் இருக்கவேண்டும். இடம் தர முடியாவிட்டால், அறிவையாவது தரலாம். என்னைத் திருப்பி அனுப்பிய குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால், பெரியவர்கள் பிரிவின் அந்த நேர்மையான மருத்துவருக்கு அது எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

சரியான பெயரும் பத்திரமாக வைத்த திசுவும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மையில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. சைனோவியல் சார்கோமா பரவியவர்களில், உறுப்பு மாற்றத்துக்குப் பொருத்தம் பார்க்கும் திசு வகைகளில் குறிப்பிட்டவை உள்ளவர்களுக்கு, அவர்களுடைய நோயெதிர்ப்பு அணுக்களையே எடுத்து, கட்டியில் உள்ள ஒரு புரதத்தை அடையாளம் காணும்படி மாற்றித் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்தது. அந்தப் புரதம் கட்டியில் இருக்கிறதா என்று பார்க்கத் திசு வேண்டும். எனக்கு நோய் பரவவில்லை. பரவக்கூடாது என்றே ஒவ்வொரு முறையும் நுரையீரல் ஸ்கேனுக்குப் போகிறேன். இந்த நோய் ஐந்தாண்டு கடந்த பிறகும், சிலருக்குப் பத்தாண்டு கடந்தும் திரும்பும் இயல்புள்ளது என்பதால், அந்த ஸ்கேன்கள் இன்னும் சில ஆண்டுகள் தொடரும். என் பிளாக்குகள் இப்போது சிகிச்சை நடந்த மையத்தில் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண்ணை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

எனக்கு முதல் அறுவை செய்த மருத்துவரை, சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துச் சந்தித்தேன். புகார் சொல்லப் போகவில்லை. என் கோப்பில் இருந்த அறிக்கைகளின் நகலை அவரிடம் கொடுக்கப் போனேன். அவர் நெடுநேரம் படித்தார். என் கால் இப்போது எவ்வளவு மடங்குகிறது என்று கேட்டார். பிறகு, தம் அறையின் கதவைச் சாத்திவிட்டு, தாம் வருந்துவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு 5 செ.மீ.க்கு மேற்பட்ட எந்தக் கட்டியையும் எம்.ஆர்.ஐ. இல்லாமல் தாம் தொடுவதில்லை என்று அண்மையில் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். இருவரை இதுவரை நிபுணர்களிடம் அனுப்பியிருக்கிறாராம். அந்த இருவரில் ஒருவருக்குச் சார்கோமா உறுதியானது. அவருக்கு வயது 19. ஒரே ஒரு நீளவாக்குத் தழும்போடு அவர் நடக்கிறார். இந்த மடலை எழுதலாம் என்ற துணிவை எனக்குக் கொடுத்தது அந்தச் செய்திதான்.

நாளைக் காலை உங்கள் மருத்துவமனையில் நடக்கவிருக்கும் சிறு அறுவைகளின் பட்டியல் இந்நேரம் தயாராகியிருக்கும். அதில் கொழுப்புக் கட்டி என்றோ நீர்க்கட்டி என்றோ எழுதி, வயதுக்கு எதிரே 20 அல்லது 25 என்று போட்டிருக்கும் பெயர் ஏதேனும் இருந்தால், கட்டியின் அளவும் ஆழமும் எழுதியிருக்கிறதா, ஸ்கேன் எடுத்திருக்கிறதா என்று இன்றிரவே ஒருமுறை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருத்தி